பெயரில் குற்றமில்லை

எங்கள் கிழக்குத் தாம்பரம் பக்கத்துக் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் இப்போதெல்லாம் ஓர் உபதேசம் அடிக்கடி காதில் விழுகிறது. "கம்ப்யூட்டரில் ஃபைலுக்குப் பேர் வைக்கும்போது தமிழ் வேண்டாம் சார். ஸ்பெஷல் கேரக்டர் எதுவும் வேண்டாம். இங்கிலீஷ் எழுத்து, நம்பர், அவ்வளவுதான்." சொல்பவர்கள் நல்ல பிள்ளைகள்தான். கூப்பிட்ட நேரத்துக்கு வந்து பிரிண்டரைச் சரி செய்து கொடுப்பவர்கள். ஆனாலும் இந்த உபதேசத்தில் பாதி தவறு, மீதி சோம்பல் என்பது என் அபிப்பிராயம். கம்ப்யூட்டர் விஷயம் என்று பயந்து பக்கத்தை மூடிவிடாதீர்கள். பென்ஷன் வாங்குகிற எல்லோருக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது.

நமக்கு எதற்கு இந்த வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் பத்திரத்தை ஸ்கேன் செய்து வைத்திருந்தவர்கள் குறைவு. அடையாறு பொங்கி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிய பிறகு, மொட்டை மாடியில் கல்லை வைத்துக் கிரயப் பத்திரத்தையும் பாஸ் புத்தகத்தையும் காயப்போட்ட குடும்பங்களை நான் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் எங்கள் வயதுக்காரர்களும் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, பென்ஷன் ஆர்டர் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று வைக்கத் தொடங்கினோம். பீரோவில் இருப்பதைத் தண்ணீர் கொண்டுபோனாலும் பிரதி மிஞ்சும் என்ற தைரியம்.

பிரதி எடுப்பதைச் சுலபமாக்க, பல வீடுகளில் பிள்ளைகள் 'பேட்ச் ஃபைல்' என்று ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நாலைந்து வரிக் கட்டளைகள் கொண்ட சின்ன ஃபைல் அது. திரையில் அதன் படத்தின் மேல் நம்முடைய ஃபைல்களை மவுஸால் இழுத்துப் போட்டால் போதும். கறுப்பு ஜன்னல் ஒன்று திறக்கும், ஃபைல்கள் பென் டிரைவுக்குப் போகும், 'முடிந்தது' என்று ஒரு வரி வரும். ஏதாவது ஒரு விசையைத் தட்டினால் ஜன்னல் மூடிக்கொள்ளும். மெனுவில் தேட வேண்டியதில்லை என்பதால் வயதானவர்களுக்கு மிகவும் வசதி.

எங்கள் தெருவில் ஒரு அம்மாளுக்கு இந்த வசதியால்தான் சிரமம் வந்தது. கணவர் ஓய்வு பெற்ற அரசு ஊழியர். சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். குடும்ப ஓய்வூதியத்துக்கு எழுத வேண்டும். பென்ஷன் ஆர்டரின் அசல் எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று தெரியவில்லை. மடிக்கணினியின் டிஸ்க் அதற்கு முன்பே பழுதாகிவிட்டது. "பென் டிரைவில் எல்லாம் இருக்கு, அவர் மாசா மாசம் இழுத்துப் போடுவார்" என்று அந்த அம்மாள் நம்பிக்கையோடு கொண்டுவந்து கொடுத்தார்கள். திறந்து பார்த்தால் மின்சார ரசீது இருக்கிறது, தண்ணீர் வரி ரசீது இருக்கிறது, பேரனின் படம் இருக்கிறது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்த காகிதங்கள் மட்டும் இல்லை. பென்ஷன் ஆர்டர், கூட்டுக் கணக்கின் பாஸ் புத்தகம், வீட்டுப் பத்திரம் மூன்றும் இல்லை.

காரணத்தை அவருடைய பையன்தான் கண்டுபிடித்தான். அப்பா அந்த ஃபைல்களுக்கெல்லாம் 'அப்பா&அம்மா_பென்ஷன்', 'அப்பா&அம்மா_பத்திரம்' என்று பெயர் வைத்திருந்தார். நடுவில் உள்ள & குறிதான் வினை. நல்ல வேளையாக வங்கிக் கிளையில் ஆர்டரின் பிரதி இருந்தது, காரியம் நடந்தது. ஆனால் அந்த அம்மாள் மூன்று மாதம் அலைந்தார்கள்.

உள்ளே நடந்தது இதுதான். ஒரு ஃபைலை பேட்ச் ஃபைலின் மேல் இழுத்துப் போட்டதும், அந்த ஃபைல் எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில், என்ன பெயரில் இருக்கிறது என்ற முழு விலாசத்தையும் விண்டோஸ் ஒரே வரியாக எழுதிக் கறுப்பு ஜன்னலிடம் கொடுக்கிறது. கறுப்பு ஜன்னலுக்கு & என்றால் 'இத்துடன் ஒரு கட்டளை முடிந்தது, அடுத்தது ஆரம்பம்' என்று பொருள். ஆகவே 'அப்பா' என்பதோடு விலாசத்தை வெட்டிவிட்டது. 'அப்பா' என்ற ஃபைலைத் தேடியது, கிடைக்கவில்லை. பேட்ச் ஃபைலோ கிடைத்ததா இல்லையா என்று பார்க்காமல் 'முடிந்தது' என்று எழுதிவிட்டது. விசையைத் தட்டிய பிறகு 'அம்மா_பென்ஷன்' என்பதை இன்னொரு கட்டளையாக நினைத்து ஓட்டப் பார்த்தது; அப்படி ஒரு கட்டளை இல்லை என்று முனகியது; அடுத்த கணம் ஜன்னல் மூடிக்கொண்டது. அந்த முனகலை எந்தக் கண்ணாலும் படித்திருக்க முடியாது. அதோடு போகவில்லை. ஒரே தடவையில் பத்து ஃபைலை இழுத்துப் போட்டால், & வந்த இடத்துக்குப் பின்னால் வரிசையில் நின்ற மற்ற ஃபைல்களும் அந்த இரண்டாவது 'கட்டளை'யோடு சேர்ந்து காணாமல் போகும்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. அந்தப் பெரியவர் 'அப்பா & அம்மா பென்ஷன்' என்று இடைவெளி விட்டு எழுதியிருந்தால் எல்லாம் சரியாகவே நடந்திருக்கும். விலாசத்தில் எங்காவது ஓர் இடைவெளி இருந்தால்தான் விண்டோஸ் அதை இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்துக் கொடுக்கும். மேற்கோளுக்குள் இருக்கும் & வெறும் எழுத்துதான்; கறுப்பு ஜன்னல் அதை வெட்டாது. இடைவெளி இல்லை என்றால் மேற்கோளும் இல்லை. 'ஃபைல் பேரில் இடைவெளி விடாதீங்க, கோடு போடுங்க' என்று சொல்லிக் கொடுத்ததே நாம்தான். அவர் சொன்னபடி கேட்டார், ஃபைல் போயிற்று.

& என்பதே 'உம்' என்ற பொருளுக்குப் பிறந்த குறி. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். லத்தீனில் 'மற்றும்' என்பதற்கு இரண்டெழுத்துச் சொல் ஒன்று உண்டு. பிரெஞ்சிலும் அதே எழுத்துகள்தான். அந்த இரண்டு எழுத்தையும் எழுதுகிறவர்கள் ஒன்றாகப் பின்னியதில் வந்த வடிவம் இது. பிரெஞ்சில் 'எஸ்பெர்லுவெட்' என்பார்கள். புருஷன் பெண்டாட்டி பெயரைச் சேர்க்கவும் கடைப் பலகையில் 'அண்டு சன்ஸ்' போடவும் உலகமெங்கும் இதைத்தான் போடுகிறார்கள். அதை ஃபைல் பெயரில் போட்டவர் தப்பு செய்தார் என்று எப்படிச் சொல்வது?

& மட்டும் இல்லை. 'ரசீது1985,86' என்று இடைவெளியில்லாமல் எழுதினால், காற்புள்ளியில் வெட்டி இரண்டு ஃபைலாக நினைத்துக்கொள்ளும். அரைப்புள்ளியும் சமக்குறியும் அப்படித்தான். நம்மில் பலருக்கு 'முக்கியம்!!' என்று எழுதும் பழக்கம் உண்டு. சில வகை பேட்ச் ஃபைல்கள் அந்த ஆச்சரியக் குறிகளை விழுங்கிவிட்டு 'முக்கியம்' என்ற பெயரில் தேடும். அடைப்புக் குறி உள்ள 'பட்டா(1)' கூட, எழுதியவர் கவனமாக இல்லையென்றால் கட்டளையை நடுவில் முறித்துவிடும். இது தவிர, ஒரு வரிக்கு 8,191 எழுத்து என்ற உச்சவரம்பும் கறுப்பு ஜன்னலுக்கு உண்டு. விலாசம் ஒன்றுக்கு 80 எழுத்து என்றால் நூறு ஃபைலை மொத்தமாக இழுத்துப் போட்டாலே வரம்பை நெருங்கிவிடும்.

இப்போது உபதேசத்துக்கு வருவோம். 'தமிழ் வேண்டாம்' என்கிறார்களே, மேலே சொன்ன தொல்லைகளில் தமிழ் எழுத்து செய்த குற்றம் எது? ஒன்றுமில்லை. 'அப்பா', 'அம்மா', 'பென்ஷன்' எல்லாம் பழுதில்லாமல் போய்ச் சேர்ந்தன. கறுப்பு ஜன்னலில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியலாம். ஆனால் உள்ளே பெயர் முழுதாகவே இருக்கிறது. விண்டோஸ் ஃபைல் பெயர்களை யூனிகோடில்தான் வைத்திருக்கிறது. 1991இல் யூனிகோடின் முதல் பதிப்பு வந்தபோதே அதில் தமிழ் இருந்தது. விண்டோஸ் 2000 முதல் தமிழை நேராகவே எழுதலாம். நம் மாநில அரசும் 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டு நேரத்தில், யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. சறுக்கியது ஆங்கிலத் தட்டச்சுப் பொறியிலிருந்து வந்த குறி. 'இங்கிலீஷில் பேர் வைத்தால் தொல்லை தீரும்' என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இங்கிலீஷில் 'ராஜன்&கோ' என்று எழுதியிருந்தாலும் அதே இடத்தில்தான் அறுந்திருக்கும்.

தமிழுக்கு ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது வேறு இடத்தில் இருக்கிறது. ஃபோல்டரில் உள்ள பெயர்களையெல்லாம் ஒரு பட்டியலாக எடுத்து, அந்தப் பட்டியலைப் படித்து வேலை செய்கிற பேட்ச் ஃபைல்கள் உண்டு. நம் கம்ப்யூட்டர்களில் கறுப்பு ஜன்னல் வழக்கமாக வைத்திருப்பது 437 என்ற எண்ணுள்ள பழைய எழுத்து அட்டவணை. அதில் தமிழ் இல்லை. எனவே பட்டியலில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் ஒரு கேள்விக்குறி விழும். 'கமலா' என்பது க, ம, ல, கால் என்று நான்கு கேள்விக்குறி. 'சரளா'வும் அதே நான்கு. விபரீதம் என்னவென்றால், அந்த ஜன்னலில் கேள்விக்குறிக்கு 'எந்த எழுத்தானாலும் சரி' என்று அர்த்தம். கமலாவின் காகிதத்தை நகர்த்து என்றால் சரளாவின் காகிதமும் சேர்ந்து போகும். நகர்த்துவதாயிருந்தால் தேடிக்கொள்ளலாம், அழிப்பதாயிருந்தால் என்ன செய்வது? இதற்கு மருந்து உண்டு. பேட்ச் ஃபைலை யூடிஎஃப்-8 முறையில் சேமித்து, முதல் வரியிலேயே 65001 என்ற அட்டவணைக்கு மாறச் சொல்ல வேண்டும். எழுதுகிறவர்களுக்கு ஒரு வரி வேலை.

இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். 'கோ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக அமைக்கலாம். க-வோடு ஓகாரக் குறியை ஒன்றாகச் சேர்க்கலாம், அல்லது இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றேதான். விண்டோஸுக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். ஒரே ஃபோல்டரில் இரண்டு 'கோபால்' அக்கம்பக்கமாக நிற்கலாம். ஔவையாரின் ஔ-வை ஒ, ள என்று இரண்டெழுத்தாக அடிக்கிறவர்களும் உண்டு. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது.

தமிழுக்கு மட்டும் இந்தக் கதி என்று நினைக்க வேண்டாம். பிரெஞ்சில் 'ஊ' என்று ஒரே உச்சரிப்பில் இரண்டு சொற்கள். ஒன்றுக்கு 'அல்லது' என்று பொருள், மற்றதற்கு 'எங்கே' என்று பொருள். எழுத்தில் உள்ள வித்தியாசம் மேலே போடும் ஒரு சாய்ந்த கோடுதான். அதை விட்டால் எங்கள் வாத்தியார் மதிப்பெண்ணைக் குறைப்பார். புதுச்சேரிக் குடும்பங்களில் பிரான்சிலிருந்து வரும் பிறப்புச் சான்று, திருமணச் சான்று எல்லாம் இந்தக் கோடுகள் போட்ட பெயர்களோடுதான் வரும். எ-கரத்தின் மேல் வலப்பக்கம் சாய்ந்த கோடு போட்ட பிரெஞ்சு எழுத்துக்கு விண்டோஸின் பழைய மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் எண் 233. கறுப்பு ஜன்னலின் 437 அட்டவணையில் அதே 233 கிரேக்கத் தீட்டா. ஆகவே பேட்ச் ஃபைலுக்குள் அந்தப் பெயரைப் பழைய முறையில் எழுதி வைத்தால், தீட்டா போட்ட ஆளைத் தேடிவிட்டு 'இல்லை' என்று வந்துவிடும். ரோமன் எழுத்தில் எழுதும் ஒரு பெரிய ஐரோப்பிய மொழிக்கே இந்த நிலைமை. எல்லாவற்றுக்கும் மூலம் 1963இல் அமெரிக்காவில் வகுத்த 128 இடங்கள் கொண்ட அட்டவணை. அதில் இடம் கிடைத்தவை சாதாரண எழுத்து, கிடைக்காதவை 'ஸ்பெஷல்'. எங்கள் வாத்தியாருக்கு அந்தக் கோடு ஸ்பெஷல் இல்லை. நமக்கு ழகரமும் ஸ்பெஷல் இல்லை.

ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். ல, ள, ழ மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகிவிடும். ந, ன, ண மூன்றும் ஒன்று. 'எஸ்' என்ற இனிஷியல் சுப்பிரமணியனா, சண்முகமா, ஸ்ரீனிவாசனா என்று பேரன் காலத்தில் யாருக்குத் தெரியும்? ஆதாரில் ஒரு மாதிரி, பென்ஷன் ஆர்டரில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி என்று பெயர் எழுத்து மாறி நாம் படுகிற பாடு போதாதா?

சாய்கோட்டையும் சொல்ல வேண்டும். நான் உத்தியோகம் பார்த்த காலத்தில் ந.க. எண் என்றால் அதில் சாய்கோடு இருக்கும்: எண், பிரிவு, ஆண்டு. பட்டாவில் சர்வே எண்ணின் உட்பிரிவு 112/3ஏ என்று வரும். தெருவில் வீட்டுக் கதவில் பழைய எண், புதிய எண் இரண்டும் 12/25 என்று எழுதியிருக்கும். ஃபைல் பெயரில் சாய்கோடு போட விண்டோஸ் விடாது. 1981இல் டாஸ் வந்தபோது சாய்கோட்டைக் கட்டளையோடு சேர்க்கும் விருப்பக் குறிக்கு வைத்துக்கொண்டார்கள். 1983இல் ஃபோல்டர் வசதி வந்தபோது விலாசத்துக்குப் பின்சாய்கோடு. இன்றைக்கும் இரண்டையும் சேர்த்து ஒன்பது குறிகளுக்கு ஃபைல் பெயரில் இடமில்லை. இது நமக்கு அசௌகரியம்தான். ஆனாலும் இதில் எனக்குக் கோபமில்லை. விண்டோஸ் வாசலிலேயே நிறுத்தி, 'இந்தக் குறிகள் கூடாது' என்று சொல்லிவிடுகிறது. நாமும் 112-3ஏ என்று மாற்றிக்கொள்கிறோம். & விஷயம் அப்படியில்லை. பெயர் வைக்கும்போது வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்கிறது. பிற்பாடு வழியில் தொலைத்துவிட்டு 'முடிந்தது' என்கிறது.

அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். முகவரி சரியில்லாத மனுவை வாசலில் திருப்பிக் கொடுத்தால் மனுதாரர் திருத்திக் கொண்டுவருவார். முத்திரை போட்டு வாங்கிக்கொண்டு, பதிவேட்டில் ஏற்றாமல் விட்டால் அந்த மனிதர் வருஷக்கணக்கில் காத்திருப்பார். அதனால்தான் மாலையில் கணக்குப் பார்ப்போம். இன்று வந்தது இத்தனை, பிரிவுகளுக்குக் கொடுத்தது இத்தனை, கையில் மீதி இத்தனை. கூட்டல் ஒத்து வராமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. நாலு வரிப் பேட்ச் ஃபைலிலும் அந்த ஒரு கூட்டலை வைக்கலாமே என்பதுதான் என் கட்சி.

எழுதிக் கொடுக்கும் பிள்ளைகளிடம் நான் கேட்பது மூன்று. முதலாவது, பேட்ச் ஃபைலுக்குள் வரும் பெயரை எப்போதும் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். வெறும் %1 வேண்டாம், "%~1" என்று எழுதுங்கள். இரண்டாவது, இழுத்துப் போடும் முறையையே விட்டுவிடுங்கள். & உள்ள பெயர் பேட்ச் ஃபைல் கையில் வருவதற்கு முன்பே அறுந்துவிடுவதால், உள்ளே மேற்கோள் போட்டும் அதற்குப் பயனில்லை. அதற்குப் பதில் ஒரு ஃபோல்டரைக் குறித்துவிட்டு, அதில் உள்ளதையெல்லாம் பேட்ச் ஃபைலே போய் எடுத்துக்கொள்ளும்படி எழுதுங்கள். விண்டோஸில் ரோபோகாப்பி என்று இதற்கென்றே ஒன்று இருக்கிறது. வயதானவர்கள் ஃபைலை அந்த ஃபோல்டரில் போட்டு, ஒரு படத்தை இரண்டு முறை தட்டினால் போதும். பெயர் எதுவும் கறுப்பு ஜன்னலின் வரியில் ஏறாது. வெட்டுவதற்கு இடமும் இருக்காது. மூன்றாவது, இங்கே இத்தனை ஃபைல், அங்கே இத்தனை ஃபைல் என்று எண்ணிக் காட்டுங்கள். எண்ணிக்கை ஒத்தால் மட்டும் 'முடிந்தது' என்று எழுதுங்கள். ஒத்து வராவிட்டால் எந்தப் பெயர் விட்டுப்போயிற்று என்று தமிழில் சொல்லுங்கள்.

நம் பங்குக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது. ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் பெயரைத் தொடங்கினால் காகிதங்கள் தாமாகவே காலக்கிரமத்தில் நிற்கும். & வேண்டிய இடத்தில் 'அப்பாவும் அம்மாவும்' என்று எழுதிவிடலாம்; தமிழில் 'உம்' இருக்கும்போது குறி எதற்கு? ஆச்சரியக் குறியைக் கடிதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். சாய்கோட்டுக்குப் பதில் சிறு கோடு போட்ட எண்களுக்கு, உண்மையான எண் என்ன என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். இந்தப் பக்கத்தில் அது மிகவும் அவசியம். காஞ்சிபுரம் மாவட்டமாக இருந்த தாம்பரம் 2019இல் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்தது. 2021இல் மாநகராட்சி ஆயிற்று. ஒரே மனைக்கு மூன்று தலைப்பில் காகிதம் வைத்திருக்கிறோம். ஐம்பது வருஷம் கழித்துப் பார்க்கிறவருக்கு அந்த நோட்டுதான் வழிகாட்டும்.

மாதம் ஒரு முறையாவது, பென்ஷன் வந்த மறுநாள் என்று வைத்துக்கொள்ளுங்களேன், பென் டிரைவைத் திறந்து முக்கியமான நாலு காகிதங்களைக் கண்ணால் பாருங்கள். உங்கள் பெயரும் வீட்டுக்காரி பெயரும் சேர்ந்து இருக்கிற காகிதம் எதுவோ, அதை முதலில் பாருங்கள். நமக்குப் பிறகு அதைத் தேடப்போகிறவர் அவர்தான்.